"எப்போ முடியும்?"
(கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

என் பெண் ஜாதவ்பூரில் பொருள் அறிவியலில் பிஎச்.டி. செய்கிறாள். லேக் மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எப்போ முடியும்?"

திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1907-ல் கணக்குத் துறை அதிகாரியாக இவ்வூருக்கு வந்தார். படித்தது எம்.ஏ.தான். பவ்பஜார் ஆய்வுக்கூடத்தில் ஆபீஸ் நேரம் போக உழைக்கத் தொடங்கி, 1930-ல் நோபல் வாங்கினார். இன்று அந்த வழி கிடையாது.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. முதலில் 12 கிரெடிட்டாவது பாடம். பிறகு செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன் முன்னேற்றம் காட்ட வேண்டும். கடைசியில் ஆய்வேடு, வெளித் தேர்வாளர் இருவர், வைவா. காகிதத்தில் சுலபம், காலம் போவது நடுவில்தான். பொடியை அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டு எடுத்த பீங்கான் வில்லை எக்ஸ்ரேயில் வேறொன்றாகத் தெரியும். மறுபடி முதலிலிருந்து அரைக்க வேண்டும். சரியாக வந்தாலும், இரண்டாம் தடவையும் அப்படியே வந்தால்தான் எழுதலாம்.

வரன் பார்க்கிறவர்கள் கவனிக்கவும். பெண்களுக்கு அதே விதி இரண்டு வருஷம் கூடுதலாகத் தருகிறது; பிரசவத்துக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி ஊர் மாறினால் ஆராய்ச்சித் தரவுகளைப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உலையை மாற்ற முடியாது, அது வேறு விஷயம்!

போன மாதம் நல்ல இடம் ஒன்று வந்தது. "படிப்பை விட்டுவிடச் சொல்லுங்கோ, மற்றதெல்லாம் பொருத்தம்" என்றார்கள். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.