வேனிற்பொருளும் மழலைச் சொல்வளமும்



மூன்று அகவைக் குழந்தைக்குச் சொல், கையின் வழியே நாவிற்கு ஏறுகின்றது. தொட்டுத் துய்த்த பொருளின் பெயரை அஃது எளிதில் மறவாது. ஆயினும், கோடை விடுமுறையில் அதன் கையில் திணிக்கப்பெறும் வண்ண ஏடுகள் பலவற்றில் இருப்பன எவை? பனிக்கரடியும் பனிச்சறுக்கு வண்டியும்! தாள் நிறைகின்றது; சொல் நிறையவில்லை.

வாயிலில் நிற்கும் வேனிலை நோக்குங்கள். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனைகளின் பிஞ்சு குரும்பை. பிஞ்சிற்கே இத்துணைப் பெயர் கண்ட மொழி தமிழ்! மொழிஞாயிறு பாவாணர் (1902-1981) இவற்றை வகுத்துத் தொகுத்துக் காட்டினார். அவை அகரமுதலியில் உறங்கினாற் போதுமா? மழலை நாவில் ஏற வேண்டாவா?

செய்முறை எளிது. முதலில் நுங்கைக் கொடுங்கள். குழந்தை தோண்டித் தின்னட்டும். பின்னர் அதனை வரைந்து கொடுங்கள். புறத்தே கருமை, அகத்தே வெண்மை, கண்கள் பெரும்பாலும் மூன்று. தீட்டும்போதே நிறத்தையும் எண்ணையும் சொல்லச் செய்யுங்கள். தின்றொழிந்த காய்கள் இரண்டைக் குச்சியிற் கோத்துக் கவைக்கோலால் தள்ளினால் நுங்குவண்டி! உருளை, அச்சு, கவை என்னும் பெயர்களும், கோத்தல், தள்ளுதல், உருளுதல் என்னும் வினைகளும் விளையாட்டிலேயே படியும்.

குழந்தை ‘வந்தி’ என மழற்றினால் கடியற்க. ‘ஆம், நுங்குவண்டி உருள்கிறது’ என முழுத்தொடராய்த் திருப்பிச் சொல்லுங்கள், அதுவே திருத்தம்.

ஒரு தலைமுறை சொல்லாது விட்ட சொல்லை அடுத்த தலைமுறை கேட்கவும் வழியில்லை. இவ்வேனிலில் நாளுக்கொரு சொல் ஊட்டுக!