3005-ஆ, 305-ஆ? குழந்தைகளோடு எண்களைப் பேசுவோம்
(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காகவும், மாலை நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்காகவும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். குழந்தை ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால், ரப்பரை எடுப்பதற்கு முன்னால் "இதை எப்படி எழுதின, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள்.

ஓர் உதாரணம். "முந்நூற்று ஐந்து எழுது" என்கிறோம். குழந்தை 3005 என்று எழுதுகிறது. "கவனமே இல்லை" என்று அழித்துவிடுகிறோம். ஆனால் குழந்தை கவனமாகக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறது. முந்நூறு என்று காதில் விழுந்தது, 300 எழுதியது. ஐந்து என்று விழுந்தது, பக்கத்தில் 5 எழுதியது.

நம் முன்னோர் எழுதியதும் கிட்டத்தட்ட இப்படித்தான். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்று எழுதினார்கள். அதாவது மூன்று, நூறு, ஐந்து. வாயால் சொல்வது போலவே கையும் எழுதும். அங்கே பூஜ்யத்துக்கு வேலை இல்லை. இன்றைய முறையில் நூறுக்குத் தனிக் குறி கிடையாது. 3 நிற்கும் இடம்தான் அதை முந்நூறு ஆக்குகிறது. பத்துகள் எதுவும் இல்லை என்று காட்ட நடுவில் 0 நிற்கிறது. இந்தியாவில் பிறந்த இந்த முறை ஐரோப்பா முழுவதும் பரவப் பல நூற்றாண்டுகள் ஆயின. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சில மாதங்கள் ஆகட்டுமே.

இதைப் புரியவைக்கக் காலண்டர் தாள் போதும். ஒரு நீளத் துண்டில் 300 என்றும், சின்னத் துண்டில் 5 என்றும் எழுதுங்கள். 300-இன் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5-ஐ வைத்தால் 305. துண்டை எடுத்தால் உள்ளே 300 அப்படியே இருக்கிறது. நடுவில் 40 என்ற துண்டையும் சேர்த்தால் 345. குழந்தையே வைத்து, எடுத்து, வாய்விட்டுச் சொல்லட்டும்.

இன்னொரு சோதனை. 16 புளியங்கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6-ஐத் தொட்டு, "இது எத்தனை கொட்டை, காட்டு" என்றால் ஆறைக் காட்டும். 1-ஐத் தொட்டுக் கேளுங்கள். பல குழந்தைகள் ஒரே ஒரு கொட்டையைத்தான் காட்டும். மீதி ஒன்பது என்ன ஆனது? கான்ஸ்டன்ஸ் கமி என்ற கல்வியாளர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் இதே மாதிரி கேட்டு, இதே மாதிரி பதில்களைப் பதிவு செய்திருக்கிறார். 16 என்று சரியாக எழுதுவது வேறு, அந்த 1 ஒரு பத்து என்று அறிவது வேறு. பத்துப் பத்தாகக் குவிக்கவும், குச்சிகளைக் கட்டாகக் கட்டவும் கட்டிப் பிரிக்கவும் விடுங்கள்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி. பதினாறு என்றால் பத்தும் ஆறும். நாற்பத்து மூன்று என்றால் நான்கு பத்தும் மூன்றும். ஆங்கிலத்தில் 'சிக்ஸ்டீன்' என்னும்போது ஆறு முதலில் வருகிறது. அதனால் சில பிள்ளைகள் 61 என்று எழுதுகிறார்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பமும் உண்டு. பள்ளி ஆங்கில வழியாக இருந்தாலும் வீட்டில் எண்களைத் தமிழிலும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கும், தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கும். அங்கே பிள்ளை தடுமாறினால் காரணம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

அடுத்து, கழித்தல். 42-இல் 17 போக எவ்வளவு? "2-இல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று நாம் படித்தோம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் தருவதில்லை. நான்கு பத்து ரூபாயையும் இரண்டு ஒரு ரூபாயையும் கையில் கொடுத்து, 17 ரூபாய் கேளுங்கள். ஒரு பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றினால்தான் முடியும். அதுதான் விஷயம். கடைக்காரர் மீதி தருவது போல எண்ணிச் சொன்னாலும் சரி: 17-இலிருந்து 20-க்கு 3, 20-இலிருந்து 42-க்கு 22, ஆக 25. இரண்டு வழியையும் பேசவிட்டு, எது சுலபம் என்று பிள்ளையே சொல்லட்டும்.

பேசுவதற்கு நம்மைச் சுற்றியே நிறைய இருக்கிறது. ஒரு தளத்தில் எட்டு வீடு என்றால், 108-க்கு அடுத்த கதவு ஏன் 201? நடுவில் உள்ள எண்கள் எங்கே போயின? நம் பின்கோடு 603301-ஐ ஏன் யாரும் 'ஆறு லட்சத்து' என்று படிப்பதில்லை? சீசனில் வேடந்தாங்கல் போனால், ஒரு மரத்தில் பத்துப் பறவைகளை எண்ணிக்கொண்டு, அந்த அளவில் இன்னும் எத்தனை பத்து இருக்கும் என்று மதிப்பிடச் சொல்லுங்கள். பறவைக் கணக்கெடுப்பவர்களும் பெருங்கூட்டத்தை இப்படித்தான் கூட்டம் கூட்டமாக எண்ணுகிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. பாட்டு, விளையாட்டு, செயல்பாடு வழியாக எட்டு வயதுக்குள் அடிப்படை எண்ணறிவு வர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஒரு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் 'எப்படி'யையும் ஆசிரியர் ஒருவரே கேட்டு முடிக்க முடியாது. வீட்டில் முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடை சரியாக இருக்கும்போதும் "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆகிவிடும். "எனக்குக் கணக்கு வராது" என்று பெரியவர்கள் பலர் சொல்கிறோம். பிள்ளைகள் அதைச் சொல்லத் தொடங்குவது, தாங்கள் யோசித்ததை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், ஒரு கை புளியங்கொட்டையோடு உட்காருங்கள்.