இறகில் வரும் தண்ணீர்



ஆப்பிரிக்காவில் நமீபியா என்றொரு வறண்ட நாடு. அங்கே எட்டோஷா தேசியப் பூங்கா. அதற்குள் ஒகாகுவேயோ முகாம். வாடகைக்குக் குடில் எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கலாம். முகாமின் ஓரத்திலேயே ஒரு நீர்க்குட்டை. பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும். யானை வரும், வரிக்குதிரை வரும்.

எல்லார் கண்ணும் யானை மேல்தான். நீங்கள் கரையோரம் பாருங்கள். புறா அளவில், மண் நிறத்தில் ஒரு பறவை. நமாக்வா கல்கௌதாரி. நம் நாட்டுக் கல்கௌதாரிக்குச் சொந்தம். வெயில் ஏறத் தொடங்கியதும் கூட்டமாக வந்திறங்கும். குடித்ததும் பறந்துவிடும்.

குஞ்சு உள்ள ஆண் பறவை மட்டும் உடனே போகாது. தண்ணீரில் இறங்கி, வயிற்றை முக்கி முக்கி எடுக்கும். குளிக்கிறதா? இல்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கிறது! வயிற்று இறகில் சுருள் சுருளாக நுண்ணிழைகள். நனைந்ததும் விரிந்து, நீரைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உதட்டில் துணியை நனைத்து வைப்போமே, அதே மாதிரிதான்.

அந்த ஈரத்தோடு பல கிலோமீட்டர் பறக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் அப்பாவின் வயிற்றடியில் புகுந்து, இறகை உறிஞ்சிக் குடிக்கும். ஆமாம், அப்பாதான்.

பறவை வளர்த்த ஒருவர் 1896-லேயே இதை எழுதினார். பலர் நம்பவில்லை. 1967-ல்தான், கலஹாரியில் நேரில் பார்த்த ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்.