வாய்க்காலுக்குக் கீழே இருப்பவர்

சுற்றுலாவும் விடுதி மேலாண்மையும் படித்து முடித்த இளைஞர்களே,

அம்பாசமுத்திரம் பக்கம் எட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறேன். தொடங்கிய ஆண்டில் ஒருநாள் காலை, பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க போர்வை துவைக்கிற தண்ணி எங்க வயலுக்குல்லா வருது" என்றார். சண்டைக்கு வரவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். என் குழாய் வாய்க்காலில் முடிந்தது; வாய்க்கால் அவருடைய நாற்றங்காலில் முடிந்தது. பளிச்சென்ற என் வெள்ளைப் போர்வைகளுக்கு அவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டோம். இப்போது குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் முதலில் நுரையும் அழுக்கும் தங்கும் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து சரளையும் மணலும் நிரப்பிய பாத்தியில் கல்வாழை வேர்களுக்கிடையே மெல்ல ஊறி, தென்னைக்குப் போகிறது. வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள்தான் அங்கே வேலை செய்கின்றன. பிளீச்சிங் பவுடர் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் அதைக் கைவிட்டோம். கழிப்பறைக்குத் தனித் தொட்டி. விருந்தினர் கேட்டால்தான் போர்வை மாற்றுகிறோம். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் வழியாக ஓடும் தாமிரபரணி சிறிய ஆறு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், வரிசையாகக் குளங்கள், பல ஊர்களுக்குக் குடிநீர். மேலே ஒருவர் விட்ட தண்ணீர் கீழே இன்னொருவர் குடத்துக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது.

இந்த ஆற்றங்கரையில் உள்ள பாபநாசத்தில் நீராடிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கம் உண்டு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடுகிறது. அந்தக் கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ளே. வருகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வேண்டுதலோடு வருகிறவருக்குத் துணியை எங்கே போடுவது, குப்பையை எங்கே சேர்ப்பது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள், அவருக்கு அறை கொடுத்த நாம்தான். என் விருந்தினர் பாபநாசத்துக்குப் புறப்படும்போது கையில் ஒரு துணிப்பை கொடுத்தனுப்புகிறேன். ஈரத்துணி அதில் திரும்பி வந்துவிடுகிறது.

கூந்தன்குளத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1994இல் அது பறவைகள் சரணாலயமானது. ஆனால் அங்கே பறவைகளைக் காத்து வந்தவர்கள் ஊர்க்காரர்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் ஆற்றையும் காட்டையும் பறவையையும் பார்க்கவே வருகிறார். அவற்றைக் கெடாமல் வைத்திருந்தவருக்கு நம் கல்லாப்பெட்டியில் பங்கு உண்டு. நான் இதை நன்கொடை என்று நினைப்பதில்லை, கடன் என்றே நினைக்கிறேன்.

அதனால் எங்கள் அறைகளில் பத்தமடைப் பாய் விரித்திருக்கிறோம். நெசவு செய்த பெண்களிடம் பேரம் பேசுவதில்லை. இட்லிக்கு அம்பை 16 ரக அரிசி, அந்த வயல்காரரிடமிருந்தே வருகிறது. எங்களிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். மாதச் சம்பளம் முதல் தேதியில், விருந்தினர் இல்லாத மாதத்திலும். மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கூட்டிக்கொண்டு போவதில்லை. அது அவர்கள் வீடு.

நாளை உங்களில் சிலர் விடுதி கட்டுவீர்கள், பலர் வேறொருவர் கட்டியதில் மேலாளராக உட்காருவீர்கள். கட்டுகிறவர்கள், வரைபடத்தில் அறைகளைக் குறிப்பதற்கு முன்னால் கழிவுநீர் போகும் வழியை வரையுங்கள். மேலாளர்கள், பொறுப்பேற்கும் முதல் நாள் குழாய் முடிகிற இடம் வரை நடந்து போங்கள். அங்கே வயல் இருந்தால், வயல்காரரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.