கஞ்சித் தண்ணீரும் பால்மர இலையும்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் வேறொரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபொழுது, தந்தையொருவர் தம் மகளைப்பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "படிக்கச் சொன்னால் கஞ்சித் தண்ணீரில் எச்சிலைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஐயா. மறுநாள் பார்த்தால் பை நிறையப் பால்மரத்து இலை. இதற்காகவா மாதந்தோறும் பஸ் கட்டணம் கட்டுகிறேன்?" என்றார். அந்த இலைகளை அவர் குப்பையில் கொட்டிவிட்டார். நான்காம் படிவத்தில் மகள் எடுத்திருந்த உயிரியல் பாடத்தை மாற்றிவிடவும் எண்ணியிருந்தார். இலாகாவுக்கு வருமுன் நான் ஆசிரியனாக இருந்தவன். அவர் குப்பையில் கொட்டியது மகளின் வீட்டுப்பாடம் என்று எடுத்துரைத்தேன். அன்று அவரிடம் கூறியதையே இன்று உங்களிடமும் கூற வந்துள்ளேன்.

இம்மேசைமேல் மூன்று கண்ணாடிக் குழாய்கள் உள்ளன. மூன்றிலும் நீர்த்த கஞ்சித் தண்ணீரும் என்னுடைய எச்சிலும் இருக்கின்றன. (பிறர் எச்சிலைத் தொடலாகாது. பள்ளியிலும் அதுவே விதி.) முதற்குழாய் உடம்புச் சூடான 37 பாகை நீரில் நிற்கிறது. இரண்டாவது பனிக்கட்டியில் நிற்கிறது. மூன்றாவதில் நான் ஊற்றியது, முன்னரே கொதிநீரில் நன்கு காய்ச்சி ஆறவைத்த எச்சில். அதுவும் உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. பேச்சின் இறுதியில் மூன்றிலும் அயோடின் துளிகளை விடுவேன். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் தோன்றும். இல்லையேல் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும்.

எச்சிலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் பொருளொன்று உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். இத்தகைய பொருள்களை நொதிகள் என்பர். நொதித்தல் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலேயே, அதனைப் பிழிந்த சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்பதை 1897இல் ஜெர்மானியரான எட்வர்ட் புக்னர் கண்டறிந்தார். அதற்காக 1907இல் நோபல் பரிசும் பெற்றார். (கள்ளும் நொதிகளின் வேலையே. ஆனால் கள்ளுக்கடையைப்பற்றிப் பேச இன்று நான் வரவில்லை.)

தாய்மார்களுக்கு இது புதிதன்று. முற்றிய ஆட்டிறைச்சியோடு பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்க்கிறீர்கள்; காயின் பாலிலுள்ள நொதி இறைச்சியை மெதுவாக்குகிறது. அண்டை வீட்டு மலாய்க்காரர் தாப்பாய்க்குத் தூவும் மாவும் அவ்வாறே சோற்றை இனிக்கச் செய்கிறது. ஏன், நீங்கள் வெட்டும் மரத்தின் பட்டைக்குள், இலைகள் தயாரித்து அனுப்பும் சர்க்கரையை ரப்பராக மாற்றுவனவும் நொதிகளே.

இனி இலைக்கு வருவோம். பால்மரத்தின் ஒவ்வோர் இலையிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். மாணவர்கள் ஒரே மரத்திலிருந்து ஐம்பது இலைகளை எடுத்து, நடுச் சிற்றிலையின் நீளத்தை அளந்து, அளவு வாரியாகப் பிரித்துப் படம் வரைவர். மிகக் குட்டையானவை சில, மிக நீண்டவை சில, இடைப்பட்டவை பல என்று, நடுவில் உயர்ந்த குன்றுபோலப் படம் பெரும்பாலும் அமையும். என் மாணவி ஒருத்தி, அழகான பெரிய இலைகளாகவே பொறுக்கிவந்தாள். பெரிய இலைக்கு அதிகப் புள்ளி கிடைக்கும் என்று எண்ணினாள் போலும்! குன்றின் ஒரு பாதி காணாமற்போயிற்று. பூச்சி அரித்ததைத் தவிர, கைக்கு வந்ததை வந்தபடியே அளக்கவேண்டும் என்று மீண்டும் அனுப்பினேன்.

ஒரே மரத்தின் இலைகளுக்குள் பரம்பரை வேற்றுமை இல்லை. வெயில், நிழல், கிளையின் நிலை, இலையின் வயது ஆகியவையே நீளத்தை மாற்றுகின்றன. இதை நீங்கள் நிறையில் அன்றாடம் காண்கிறீர்கள். 1925இல் தோன்றி, 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், டிஜிர் 1, பி.பி. 86 ஆகிய இரண்டையும் கலந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தை உருவாக்கியது. மொட்டு ஒட்டி வளர்த்த அவ்வின மரங்கள் யாவும், ஒட்டிய பகுதியைப் பொறுத்தவரை, ஒரே தாய்மரத்தின் வாரிசுகள். எனினும் மேட்டில் நிற்கும் மரமும் சதுப்பில் நிற்கும் மரமும் ஒரே பருமனாக இருப்பதில்லை. விதையிலிருந்து முளைத்த மரங்களிலோ பரம்பரையும் வேறு, இடமும் வேறு. எது பிறப்பால் வந்தது, எது இடத்தால் வந்தது என்று பிரித்தறியவே அந்தப் பெண் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கேட்ட தந்தை, மறுநாள் பால் வெட்டு முடிந்ததும் தாமே ஐம்பது இலைகளைச் சேர்த்துக் கொண்டுவந்தாராம், மரத்துக்கு ஒன்றாக! "ஒரே மரத்தில் வேண்டும், அப்பா" என்று மகள் திருப்பி அனுப்பிவிட்டாள். உயிரியல் பாடத்தை அவள் இன்னும் விடவில்லை.

இப்பொழுது அயோடினை விடுகிறேன். முதற்குழாய் பழுப்பாகவே நிற்கிறது, மாவுச்சத்து போய்விட்டது. மூன்றாவது கருநீலம், வெந்த முட்டை மீண்டும் பச்சையாகாததுபோல, காய்ச்சிய நொதி ஆறினாலும் வேலை செய்யாது. இரண்டாவதும் கருநீலந்தான். ஆனால் அதிலுள்ள நொதி சாகவில்லை, குளிரில் அடங்கிக் கிடக்கிறது. அதே குளிர்ந்த கலவையில் அயோடின் விடாத பகுதியை இதோ வெதுவெதுப்பான நீரில் வைக்கிறேன். தேநீர் அருந்திவிட்டு வந்து, அதில் நீங்களே ஒரு துளி விட்டுப் பாருங்கள்.