ஒராங்குட்டானைத் தத்தெடுப்போர் அறிய வேண்டியவை

மெய்நிகர் தத்தெடுப்பு என்பது, ஒரு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவராமலும் அதன்மீது எந்த உரிமையும் கோராமலும், அது இருக்கும் இடத்திலேயே அதன் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடாகும். போர்னியோ, சுமத்ரா ஆகிய தீவுகளில் மீட்கப்பட்ட ஒராங்குட்டான்களைப் பேணும் நிறுவனங்கள் பலவும் தங்கள் செலவின் ஒரு பகுதியை இவ்வழியில்தான் ஈடுகட்டுகின்றன. பணம் செலுத்துபவருக்கு ஒரு சான்றிதழும், குறிப்பிட்ட ஒரு விலங்கின் புகைப்படமும், அது மீட்கப்பட்ட வரலாறும், அவ்வப்போது அதன் நலம் பற்றிய செய்தியும் வந்து சேரும். சட்டப்படி அவருக்கு இவற்றைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. இந்தோனேசியாவில் 1990 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் சட்டம் பாதுகாக்கப்பட்ட விலங்குகளைத் தனியார் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியிருப்பதால், கூண்டிலிருந்து பறிமுதல் செய்யப்படும் ஒராங்குட்டான் அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. மறுவாழ்வு மையங்கள் அரசுக்காக அதைப் பேணுகின்றன.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் விலங்கு தத்தெடுப்புத் திட்டத்தை அறிந்த நேயர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஆயினும் இரண்டுக்கும் நோக்கத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பூங்கா விலங்கு பூங்காவிலேயே வாழ்ந்து முடிப்பது; அதற்கான உணவும் மருந்தும் தொடர்ந்து கிடைத்தால் போதும். மீட்கப்பட்ட ஒராங்குட்டானோ, மனிதர் கையிலிருந்து உண்ணும் பழக்கத்தை மெல்ல மெல்ல விட்டு, மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் நிலைக்கு வந்து, காட்டுக்குள் போய்விட வேண்டிய விலங்கு. தத்தெடுப்பவர் செலுத்தும் பணம் அந்தப் பிரிவை நோக்கியே செலவாக வேண்டும் என்பதால், ஒரு திட்டம் நல்லதா என்று தீர்மானிப்பதற்கான அளவுகோலும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த மறுவாழ்வுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதை ஒராங்குட்டானின் இயல்பிலிருந்தே புரிந்துகொள்ள முடியும். பெண் ஒராங்குட்டான் ஏறத்தாழ 7 அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டி முதல் சில ஆண்டுகள் தாயின் உடம்பைப் பற்றிக்கொண்டே மரம்விட்டு மரம் செல்கிறது. எந்தக் கனி எந்த மாதத்தில் பழுக்கும், எந்த மரத்தின் பட்டையை உரித்தால் உண்ணத்தக்க உள்தோல் கிடைக்கும், கறையான் புற்றை எப்படி உடைப்பது, பாம்பைக் கண்டால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் தாயைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. ஆகவே, ஒன்றரை வயதில் தாயை இழந்த குட்டி பாலை மட்டும் இழப்பதில்லை, தன் கல்வி முழுவதையும் இழந்துவிடுகிறது. தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியைப் பிரிப்பது அரிது என்பதால், கூண்டில் காணப்படும் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் பெரும்பாலும் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்கிறது. இத்தனை மெதுவாகப் பெருகும் இனத்தில் வயதுவந்த பெண் விலங்கு ஒன்றின் மரணம் பல ஆண்டுகளுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. போர்னியோ, சுமத்ரா, 2017 இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தபானுலி என்னும் மூன்று ஒராங்குட்டான் இனங்களுமே இன்று மிக அருகிவிட்ட இனங்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவற்றுள் தபானுலி ஒராங்குட்டான்கள், சுமத்ராவின் பத்தாங் தோரு மலைக்காட்டில் 800 க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.

தாய்கள் கொல்லப்படுவதற்கான காரணங்களில் முதன்மையானது காடு குறைவதுதான். போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மத்திய கலிமந்தானில் 1990 களின் நடுவில், நெல் விளைவிப்பதற்காகச் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அங்குள்ள மண் பீட் எனப்படுவது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் முழுமையாக மக்காமல் படிந்த இலைதழைகளும் மரத்துண்டுகளும் சேர்ந்து உருவானது. வாய்க்கால்கள் நீரை வடித்ததும் இம்மண் காய்ந்து எரிபொருளாக மாறியது, நெல்லும் விளையவில்லை. 1997 இலும் பின்னர் 2015 இலும் மூண்ட பெருந்தீக்களில் இத்தகைய நிலங்கள் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகைந்தன; 2015 இல் மட்டும் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. தீயிலிருந்து தப்பி வெளியே வரும் விலங்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலோ ஊர்ப்புற நிலத்திலோ நுழைந்து இளங்குருத்தைத் தின்னும்போது, அது பயிரை அழிக்கும் பகையாகப் பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் மாதந்தோறும் வாங்கப்படும் பாமாயிலுக்கும் இந்த நிலப்பரப்புக்கும் தொடர்பு உண்டு: உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா, அந்த எண்ணெயின் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. இதைச் சொல்வது ரேஷன் எண்ணெய் வாங்கும் குடும்பத்தின்மீது பழிபோடுவதற்காக அன்று. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் அளவுக்கு எண்ணெய் தரும் பயிர் வேறில்லை என்பதால், பாமாயிலை அடியோடு ஒதுக்குவது எளிய தீர்வாகாது. காட்டை அழிக்காமல் விளைந்த எண்ணெயைக் கேட்டு வாங்க வேண்டிய கடமை பெரிய நிறுவனங்களுக்கும் அரசுகளுக்குமே முதலில் உரியது.

மீட்கப்பட்ட குட்டி மையத்துக்கு வந்தவுடன் முதலில் தனிமைப்படுத்தப்படுகிறது. மனிதரைத் தாக்கும் சளி, காசநோய், கல்லீரல் அழற்சி முதலியவை ஒராங்குட்டானையும் தாக்கக்கூடியவை. ஊருக்குள் கூண்டில் இருந்த குட்டி அவற்றில் ஒன்றைச் சுமந்து வந்திருந்தால் மையத்திலுள்ள மற்றவற்றுக்கும், பின்னாளில் காட்டில் வாழ்பவற்றுக்கும் அது பரவிவிடும். இரத்தப் பரிசோதனை, நுரையீரல் ஊடுகதிர்ப்படம், குடற்புழு நீக்கம் ஆகியவை முடிந்து நோயில்லை என்று உறுதியான பின்னரே குட்டி மற்றவற்றோடு சேர்க்கப்படுகிறது. மத்திய கலிமந்தானின் பாலங்கராயா நகருக்கருகே, 1999 இல் தொடங்கப்பட்ட ஞாரு மெந்தெங் மையத்தில், முகக்கவசம் அணிந்த உள்ளூர்ப் பெண்கள் செவிலித்தாய்களாக இருந்து குட்டிகளுக்குப் பாலூட்டுகிறார்கள்; காலையில் அவற்றைக் காட்டுப் பள்ளி எனப்படும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கு அழைத்துச் சென்று, மாலையில் திரும்ப அழைத்து வருகிறார்கள். அப்பள்ளியின் மிகக் கடினமான பாடம் கூடு கட்டுவது. காட்டில் வாழும் ஒராங்குட்டான் ஒவ்வொரு மாலையும் உயரமான மரத்தில் ஒரு கவட்டையைத் தேர்ந்து, சுற்றியுள்ள கிளைகளைத் தன்னை நோக்கி வளைத்துக் காலால் அழுத்திப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, மேலே இலைக்கொத்துகளைப் பரப்பிச் சில நிமிடங்களில் படுக்கையை முடித்துவிடும். தாயில்லாக் குட்டியோ தொடக்கத்தில் இரண்டு சுள்ளிகளை ஒடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்கும். அல்லது கட்டிய கூடு அதன் எடையைத் தாங்காமல் சரியும். தரையில் திரிவதைவிட மேலே இருப்பது மேல் என்று அது உணர்ந்து, நம்பத்தக்க கூடு ஒன்றைக் கட்ட ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் நீர் சூழ்ந்த தீவு ஒன்றில் மனிதர் நெருக்கம் மிகக் குறைந்த நிலையில் வாழவிட்டுத் தேர்வு செய்யப்படுகிறது. இப்படிக் குட்டிப் பருவத்தில் வந்த ஒரு விலங்கு காட்டுக்குத் திரும்ப ஏழெட்டு ஆண்டுகள் ஆவது வியப்பன்று.

திரும்புவதற்குக் காடு வேண்டும் என்பது பலருக்கும் உறைக்காத செய்தி. போர்னியோ ஒராங்குட்டான் பிழைப்பு அறக்கட்டளை 2002 ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஒரு விலங்கைக்கூடக் காட்டில் விட முடியாமல் தவித்தது. பயிற்சி முடித்த விலங்குகள் இருந்தன, பாதுகாப்பான காடு கிடைக்கவில்லை. தயாரான விலங்கு கூண்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது கற்றதை மறக்கச் செய்யும் கொடுமை. அதனால் அவ்வறக்கட்டளை தனியே ஒரு நிறுவனத்தை நிறுவி, கிழக்குக் கலிமந்தானில் கேஹ்ஜே செவேன் என்னும் 86,450 ஹெக்டேர் காட்டை 60 ஆண்டு உரிமத்தில் அரசிடமிருந்து 2010 இல் பெற்றது. 2012 முதல் விடுவிப்புகள் மீண்டும் தொடங்கின. ஆகவே, தத்தெடுப்புப் பணத்தின் ஒரு பங்கு பழத்துக்கும் பாலுக்கும் போகாமல் காட்டின் உரிமத்துக்கும் ரோந்துக்கும் போவதைக் கண்டு நேயர்கள் மனம் வருந்தத் தேவையில்லை. அது வீண்செலவு அன்று, குட்டியின் எதிர்கால வீட்டுக்கான செலவே.

பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் வேறொரு தெளிவும் தேவை. கோயில் அன்னதானத்துக்குக் குடும்பத்தின் பெயரில் பணம் கட்டுபவர், தம் பணத்தில் வாங்கிய அரிசி தனிப் பானையில் வேக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. அதுபோலவே, ஒரே குட்டியைப் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் தத்தெடுத்திருப்பதும், அவர்களின் பணம் ஒரே நிதியில் சேர்ந்து மையத்திலுள்ள அனைத்து விலங்குகளுக்கும் பயன்படுவதும் இயல்பானவை. இதை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனம் நேர்மையானது. சொல்லாமல், ஒரு குட்டியின் உயிர் ஒருவரது பணத்தில் மட்டுமே தொங்குவது போலக் காட்டும் விளம்பரத்தை ஐயத்தோடு பார்ப்பது நல்லது. பணம் அனுப்பும் முன்னர், அந்நிறுவனம் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிடுகிறதா, கடந்த சில ஆண்டுகளில் எத்தனை விலங்குகளை எந்தக் காட்டில் விடுவித்தது, விடுவித்தபின் அவை உயிரோடிருப்பதை எவ்வாறு கண்காணிக்கிறது, அந்நாட்டு வனத்துறையோடு எழுத்துவடிவ ஒப்பந்தம் உள்ளதா ஆகிய கேள்விகளுக்கு அதன் அறிக்கைகளிலேயே விடை தேடிப் பார்க்கலாம். விடை கிடைக்காத இடத்தில் மின்னஞ்சலில் கேட்பது தத்தெடுப்பவரின் உரிமை. இந்தியாவிலிருந்து நேரடியாக வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பும் நன்கொடைக்கு, உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குத் தருவதற்குரிய வருமான வரிச்சலுகை கிடைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது பின்னால் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

படங்களைக் கவனிப்பது இவை எல்லாவற்றையும்விட எளிதான சோதனை. சுற்றுலா வந்தவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படத்தை வெளியிடும் மையம், நோய்க்காப்பையும் மறுவாழ்வின் நோக்கத்தையும் ஒருங்கே கைவிட்ட மையம். 2021 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் முதனி விலங்கு வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், குரங்கினங்களோடு மனிதர் நெருங்கியிருக்கும் படங்கள் அவை நல்ல வளர்ப்புப் பிராணிகள் என்ற தவறான எண்ணத்தை விதைத்துக் கள்ளச்சந்தையை ஊக்குவிக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஆடை அணிவித்த குட்டியின் காணொளியைக் கண்டு உருகி அதைப் பலருக்கும் அனுப்பும் நல்ல மனமுடையோரும், தம்மையறியாமல் அந்தச் சந்தைக்கு உதவிவிடுகிறார்கள்.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு பரிந்துரை உண்டு. பெரிய கண்களோடு பால்புட்டியைப் பிடித்திருக்கும் குட்டிக்கு ஆதரவாளர்கள் தாமாகவே வருகிறார்கள். இனி ஒருபோதும் காட்டுக்குத் திரும்ப முடியாத வயதுவந்த விலங்குகளுக்கு அப்படி வருவதில்லை. 2019 மார்ச்சில் சுமத்ராவின் ஆச்சே மாகாணத்தில் மீட்கப்பட்ட ஒரு பெண் ஒராங்குட்டானின் உடலில் 74 காற்றுத்துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. இரு கண்களும் பார்வையிழந்திருந்தன. அதனோடு இருந்த குட்டி மையத்துக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்தது. ஹோப் என்று பெயரிடப்பட்ட அத்தாயைப் போன்றவை, ஒராங்குட்டான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழக்கூடியது என்பதால், இன்னும் பல பத்தாண்டுகள் மனிதர் தரும் உணவை நம்பியே இருக்கும். அத்தகைய ஒன்றைத் தத்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் அதை ஏற்பது பெரிய உதவி. அதே வேளையில், ஊனத்தைக் கண்டு முன்கூட்டியே முடிவு கட்டுவதும் பிழையாகலாம்: 2017 இல் மீட்கப்பட்ட ஆல்பா என்னும் வெண்ணிற ஒராங்குட்டான், வெளிச்சத்தைத் தாங்காத நீலக் கண்களும் மங்கிய பார்வையும் உடையதாக இருந்ததால், அதற்குத் தனித் தீவு ஒன்று அமைக்கவே முதலில் திட்டமிடப்பட்டது; ஆனால் அது மரமேறுவதிலும் உணவு தேடுவதிலும் காட்டிய திறன் கண்டு, 2018 டிசம்பரில் புக்கிட் பாக்கா புக்கிட் ராயா தேசியப் பூங்காவில் கிக்கா என்னும் தோழியோடு விடுவிக்கப்பட்டது.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தத்தெடுப்பைப் பரிசாக அளிக்கும் பெற்றோர், அந்தக் குட்டி ஒருநாள் காட்டுக்குப் போய்விடும் என்பதையும், நோயால் இறந்துவிடவும் கூடும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை. ஒரே தவணையில் பெருந்தொகை அனுப்புவதைவிட, குடும்பத்தின் வரவுக்கு ஏற்ற சிறுதொகையை இடைவிடாமல் அனுப்புவதே மையங்களுக்குப் பயனுடையது. தீ மூண்ட ஆண்டில் குவியும் நன்கொடை மறு ஆண்டில் வற்றிவிடும்போதும் செவிலித்தாய்களின் ஊதியத்தை மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். விடுவிக்கப்பட்ட விலங்கின் தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறு அலைபரப்பியின் உதவியால் கண்காணிப்பாளர்கள் அதைக் கூட்டிலிருந்து கூடு வரை சில காலம் பின்தொடர்வார்கள். மின்கலம் தீர்ந்ததும் செய்தி நின்றுவிடும். அப்போது பல நிறுவனங்கள் வேறொரு விலங்கைத் தேர்ந்துகொள்ளுமாறு கேட்டுக் கடிதம் அனுப்புகின்றன. அக்கடிதம் வரும்போது தத்தெடுப்பை நிறுத்திவிடாமல், புதிதாக வந்த ஒன்றுக்கோ, காட்டு ரோந்துக்கான பொது நிதிக்கோ அதே தொகையை மாற்றித் தருமாறு பதில் எழுதிவிடலாம்.