மாணவியர் தலைமையும் பள்ளிக் குடும்பமும்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி மேல்விஷாரத்தில் நடைபெற்ற மாணவியர் அரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மலருக்கென்று நம்மிடம் ஆசியுரை ஒன்று கேட்டார்கள். ஆசியுரை எழுதுவது எளிது. பத்து வரியில் முடிந்துவிடும். யாரும் படிக்கவும் மாட்டார்கள். ஆகவே இன்று இந்த அரங்கில் பேசுவதையே மலருக்கும் தந்துவிடுகிறோம் என்று பங்குப் பேரவையாரிடம் சொல்லிவிட்டோம்.

வகுப்புத் தலைவி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? ஆசிரியை வெளியே போயிருக்கிறார். கையில் சாக்பீஸுடன் ஒரு பெண் கரும்பலகையருகே நிற்கிறாள். பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்களை எழுதுகிறாள். தோழியின் பெயரை அழித்துவிடுகிறாள்; பிடிக்காதவள் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுகிறாள். இதைத்தான் நாம் தலைமை என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறோம். இதில் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நமக்குச் சிரிப்பு வராததற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தத் தோல் தொழில் வட்டாரத்திலேயே வேறோர் ஊரில், ஒரு பெண்கள் பள்ளிக்கு நாம் தாளாளராக இருந்தோம். ஊரும் பள்ளியும் பெயரின்றி இருக்கட்டும், குறை நம்முடையது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் ஒரு 'ஆ' விழுந்தது. சில வாரங்கள் கழித்துப் பெயரை நீக்குவதற்கான தாள் நம் மேசைக்கு வந்தது. பத்துத் தாள்களோடு பதினொன்றாக அதிலும் கையெழுத்துப் போட்டோம். பின்னர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் அவள் பெயரும் இருக்கவே, வகுப்புத் தலைவியை அழைத்து, "அந்தப் பிள்ளை எங்கேம்மா?" என்று விசாரித்தோம்.

"அவ வரமாட்டா ஃபாதர். அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியல. வீட்டுல ஷூ தைக்கிறது நின்னுபோகக் கூடாதுன்னு இவ உக்காந்துட்டா."

"இது உனக்கு எப்போது தெரியும்?"

"லீவு முடிஞ்ச அன்னைக்கே தெரியும் ஃபாதர்."

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

அவள் பயப்படவில்லை. உண்மையாகவே வியந்துபோய்ச் சொன்னாள்: "நீங்க கேக்கலையே ஃபாதர். பேசுறவங்க பேரைத்தானே எழுதச் சொன்னீங்க."

அந்த வீட்டுக்குப் போனோம். திண்ணையில் தோல் துண்டுகள் குவிந்திருந்தன. ஜோடிக் கணக்கில் கூலி. வேலையைத் தாமதப்படுத்தினால் ஏஜென்ட் மூட்டையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். தாயார் எழுந்து நின்று நாற்காலி தேடினார், இல்லை. புத்தகங்களை எடைக்குப் போட்டாகிவிட்டது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டு, மீண்டும் ஊசியைக் குத்தத் தொடங்கினாள். அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. நாமும் பிந்தித்தான் போயிருந்தோம்.

நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையை நாம் எத்தனையோ முறை பீடத்திலிருந்து விளக்கியிருக்கிறோம். அவனுடைய அன்பை, தோளில் சுமந்து வந்த மகிழ்ச்சியை எல்லாம் விரித்துரைத்திருக்கிறோம். ஆனால் அவன் எண்ணினான் என்பதை நாம் கவனிக்கவேயில்லை. மாலையில் எண்ணியிராவிட்டால் தொண்ணூற்றொன்பதும் நூறும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கும். பள்ளியில் எண்ணுகிறவர்கள் யார்? பதிவேடு எண்ணுகிறது, ஆனால் அதற்குக் காரணம் தெரியாது. காரணம் தெரிந்தவர்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்தாம். ஆசிரியைக்கு ஒரு வாரம் பிந்தித் தெரியும். சாமியாருக்கு எல்லோருக்கும் கடைசியில் தெரியும்.

இதை நமக்கு முன்பே கண்டவர் ஒருவர் இருந்தார். ஜோசப் கார்டைன் என்னும் பெல்ஜிய நாட்டுக் குருவானவர். 1882-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் குருமடத்துக்குப் போனார். அவருடைய பள்ளித் தோழர்களோ ஆலை வேலைக்குப் போனார்கள். விடுமுறையில் ஊர் திரும்பியபோது அந்தத் தோழர்கள் அவரிடமிருந்து விலகிப் போயிருந்தார்கள். கூடப் படித்தவனே இப்போது வேறு சாதி மனிதனைப் போல ஆகிவிட்டான் என்று நினைத்தார்கள் போலும். அந்தக் காயம் அவரை விடவில்லை. 1912-இல் பிரசல்ஸ் நகரை அடுத்த லாக்கன் பங்கில் உதவிக் குருவாக அமர்ந்ததும் அவர் முதலில் கூட்டிச் சேர்த்தவர்களில் தையல் வேலை செய்த இளம் பெண்கள் இருந்தார்கள் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமும், அந்த வழியிலேயே வளர்ந்த இளம் மாணவர் இயக்கமும் உலகெங்கும் பரவின. 1965-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1967-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய வழிமுறை மூன்றே சொற்கள்: பார், சீர்தூக்கு, செயல்படு. நாம் பூந்தமல்லி குருமடத்தில் பயின்ற காலத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம்; மதிப்பெண்ணும் பெற்றோம். மேற்சொன்ன திண்ணையில் நின்றபோதுதான், முதல் சொல்லையே நாம் செய்யவில்லை என்பது உறைத்தது. கார்டைன் இன்னொன்றையும் வற்புறுத்தினார். தொழிலாளரிடையே நற்செய்திப் பணி செய்யத் தொழிலாளரே தகுந்தவர், மாணவரிடையே மாணவரே. மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து செய்யும் வேலை அன்று அது. ஆகவே மாணவத் தலைவி என்பவள் ஆசிரியையின் சின்ன உருவம் அல்லள். அவள் ஆசிரியை போக முடியாத இடத்துக்குப் போகிறவள்.

நம் அருகிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காட்பாடி காந்திநகரில் ஆக்சிலியம் கல்லூரியை 1954-இல் தொடங்கிய சலேசிய சகோதரிகளை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் தமிழ்நாட்டுக்கு, தஞ்சாவூருக்கு வந்தது 1922-இல். அந்தச் சபையைத் தொன் போஸ்கோவோடு சேர்ந்து 1872-இல் நிறுவிய புனித மரிய மசரெல்லோ பெரிய படிப்பாளி அல்லர். இத்தாலியில் மோர்னேசே என்னும் சிற்றூரில் திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்ட பெண். 1860-இல் காய்ச்சலில் விழுந்த உறவினருக்குப் பணிவிடை செய்யப் போய்த் தாமும் நோயில் விழுந்தார். பிழைத்தெழுந்தபோது வயல் வேலைக்கு உடம்பில் வலுவில்லை. சரி, தையல் கற்போம், ஊர்ச் சிறுமிகளுக்கும் கற்பிப்போம் என்று தம் தோழி பெத்ரொனில்லாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சபைத் தலைவியான பின்பும் உண்மையான தலைவி தேவதாயே, தாம் அவருக்குப் பதிலாள் மட்டுமே என்பார். இரவில் இல்லத்துச் சாவியை மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிடுவாராம். சாவியைக் கீழே வைக்கத் தெரிந்த தலைவி! நம் பங்குப் பேரவையில் சிலருக்கும் இது பொருந்தும். அதை இன்று விட்டுவிடுவோம்.

அந்தச் சகோதரிகள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு மைதானத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டில்தான் பிள்ளை முகமூடி இல்லாமல் இருக்கிறாள் என்பது தொன் போஸ்கோவின் பாடம். ஓரமாக நிற்கிறவள் யார், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காதவள் யார் என்பது அங்கேதான் தெரியும்.

பெண்கள் தாமாகவே தலைமையைத் தேடிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. 1909-இல் இலண்டனில் பேடன் பவல் சாரணச் சிறுவர்களைத் திரட்டியபோது, அழைக்கப்படாமலேயே சில சிறுமிகள் சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் தோன்றியது. அதன் உயிர்நாடி சிறு அணி. நாற்பது பேருக்கு ஒரு தலைவி என்றால் அவள் காவற்காரி ஆகிவிடுவாள். ஏழெட்டுப் பேருக்கு ஒருத்தி என்றால் அக்காள் ஆவாள். இதை நம் பள்ளிகளில் செய்துபார்க்கச் செலவு ஒன்றும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கென்று சில செய்திகளைத் தலைவியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும்தாம் நமக்குச் சோறு போடுகின்றன. காலணி ஆலைகளில் தையல் மேடையில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உங்கள் தாய்மார், அக்காமார். அந்த வேலையை நாம் இழிவாகப் பேசவில்லை. அந்தக் கூலியில்தான் இந்தக் கோவிலின் ஓடுகளும் வந்தன. ஆனால் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குத் தாய் ஓடிவிட்டால், தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் கிளப்புவதும் மகளின் தலையில் விழுகின்றன. அவள் பள்ளிக்குப் பிந்தி வருகிறாள். நீங்கள் 'லேட்டு' என்று பெயர் எழுதுகிறீர்கள்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது என்றும், பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கலாகாது என்றும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அதே சட்டம் வழிவிடுகிறது. எனவே திண்ணையில் தைக்கும் பிள்ளை எந்த அதிகாரியின் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. உங்கள் கண்ணில் மட்டுமே படுவாள். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் பேசினாலும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, என்றாலும் பேச்சு நடப்பது முதலில் தோழியின் காதுக்குத்தான் வரும். மேற்படிப்புக்குப் பணம் ஏது என்று ஒருத்தி கலங்கினால், 2022 செப்டம்பரில் அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்பட்டது அது. பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கேட்டுச் சொல்ல ஆளில்லாமலேயே பல வீடுகளில் படிப்பு முடிந்துபோகிறது.

மேல்விஷாரம் இஸ்லாமியப் பெருமக்கள் நிறைந்த ஊர். தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குத் தந்த வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரில் இங்கே கல்லூரி எழுந்தது 1965-இல். அதே 1965-இல், அக்டோபர் 28-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று கிறிஸ்தவக் கல்வியைப் பற்றியது. மற்றது இஸ்லாமியர் உள்ளிட்ட பிற சமயத்தாரோடு திருச்சபை கொள்ளவேண்டிய மதிப்பையும் உறவையும் பற்றியது. இரண்டும் ஒரே நாளில் வந்ததில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பள்ளிக் குடும்பம் என்று நாம் சொல்லும்போது ஆயிஷாவையும் அமலாவையும் ஆனந்தியையும் சேர்த்தே சொல்கிறோம். அணிகளைப் பிரிக்கும்போது ஒரே தெருப் பிள்ளைகள், ஒரே கோவில் பிள்ளைகள் என்று சேர்த்துவிடாதீர்கள் என்று சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

தலைவியரை யார் தேர்ந்தெடுப்பது? முதல் மதிப்பெண் பெற்றவளை, ஆங்கிலம் பேசுகிறவளை, கோவிலுக்கு நன்கொடை தந்தவர் மகளை நாமே நியமித்துவிடுவது எளிது. அதை நாம் செய்தும் இருக்கிறோம். பிள்ளைகளையே ஓட்டுப் போட விடுங்கள். சில சமயம் குறும்புக்காரி ஒருத்தி வென்றுவிடுவாள்; சிஸ்டருக்குக் கோபம் வரும். வரட்டும். குறும்புக்காரிக்குத்தான் எல்லோர் வீடும் தெரியும்.

அண்மையில் நடந்ததைச் சொல்லி அமர்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் மாலையில் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். மூவரும் ஒரே அணி. அவர்களில் ஒருத்தி மட்டுமே நம் பங்கைச் சேர்ந்தவள். தங்கள் அணியில் ஒருத்தி எட்டு நாளாக வரவில்லை என்றார்கள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்வந்துவிட்டார்கள். தந்தைக்கு டேனரியில் வேலை நின்றுவிட்டது; கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அணிப் பிள்ளையின் பாட்டியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். நோட்டுப் பாடங்களைப் பங்கு போட்டு எழுதிவிட்டார்கள். தலைமையாசிரியையிடமும் பேசிவிட்டார்கள்.

"அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டோம். நாம் வந்து அவள் தந்தையிடம் பேசவேண்டும் என்று கேட்பார்கள் என எண்ணி, போட்டுக்கொள்ளச் செருப்பைத் தேடினோம்.

"நீங்க வர வேணாம் ஃபாதர், நீங்க வந்தா அவங்க அப்பா கூச்சப்படுவாரு. பஸ்ஸுக்கு மட்டும் முப்பது ரூபா குடுங்க."

கொடுத்தோம்.